சல்லித்தாளில் எங்கட இடம்

சல்லியை எண்ணுகிறோம், அதிலுள்ள படத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால், ஒரு நாடு தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறது என்பதை அறிய நாணயத்தாளும் ஒரு வரலாற்று ஆவணமே.

மத்திய வங்கியின் 1979ஆம் ஆண்டுத் தொடரை லக்கி சேனாநாயக்க வடிவமைத்தார். அதில் மன்னருமில்லை, தலைவருமில்லை; இந்நாட்டின் உயிரினங்களும் தாவரங்களுமே இருந்தன. எந்தச் சமூகமும் விடுபட்டதென்று சொல்ல அங்கே இடமில்லை.

2011 பெப்ரவரியில் வந்த தொடர் வேறு விதம். முன்பக்கத்தில் அபிவிருத்தித் திட்டங்களோடு பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும். நெடுக்காக அமைந்த பின்பக்கத்தில் ஆடற்கலைஞரும் மேளக்கலைஞரும். நூறு ரூபாவில் பரதநாட்டியமும் மிருதங்கமும். மற்றவற்றில் சிங்கள மரபு ஆடல்கள். அவற்றுக்குக் கிடைத்த கௌரவத்தில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் எங்கட பொல்லடியோ பக்கீர் பைத்தோ ஆறு தாளில் ஒன்றிலும் இல்லையே!

சுதந்திரத்தின் 70ஆவது ஆண்டுக்காக 2018 பெப்ரவரியில் வெளியான ஆயிரம் ரூபா ஞாபகார்த்தத் தாளில் விகாரை, கோவில், தேவாலயத்தோடு பள்ளிவாசலும் இடம்பெற்றது. நல்ல விசயம்தான். அடுத்த மாதமே திகன, தெல்தெனியப் பகுதிகளில் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. நாடு முழுதும் அவசரகால நிலை பிரகடனமானது. எரிந்த கடைகளின் லாச்சிகளிலும் அந்தத் தாள் இருந்திருக்கலாம்.

ஆகவே, படத்தில் இடம் கிடைத்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அதைக் கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும்: பொல்லடி அண்ணாவிமாரையும் பக்கீர்மாரையும் ஊரூராகத் தேடிப் பதிவுசெய்வது எங்கட வேலை.