ஹார்மோன் மாத்திரை: ஒரு கணக்கு வழக்கு

திருநங்கைகளும் திருநம்பிகளும் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "அது விஷம்" என்பது ஒன்று. "ஒன்றும் ஆகாது" என்பது இன்னொன்று. நான் படிப்பது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது கணக்குப் புத்தகம்தான். அதனால் எழுதத் துணிந்தேன்.

முதலில் பின்னணி. 1929-ல் பெண் ஹார்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோனை ஜெர்மனியில் பூட்டனான்ட்டும் அமெரிக்காவில் டாய்சியும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். 1935-ல் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கைக்கு வந்தது. ஆனால் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ராடையாலை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். 1938-ல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் அதைச் சற்று மாற்றி எத்தினைல் ஈஸ்ட்ராடையால் செய்தார்கள். கல்லீரல் லேசில் உடைக்க முடியாத சரக்கு. பிற்காலத்தில் கருத்தடை மாத்திரைகளிலும் இதுவே இடம்பிடித்தது.

1939-ல் இங்கிலாந்தில் மைக்கேல் டில்லன் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கினார். 1952 டிசம்பரில், டென்மார்க்கில் சிகிச்சை பெற்ற கிறிஸ்டின் ஜார்ஜென்சன் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தார். அவருடைய மருத்துவர் ஹாம்பர்கருக்கு உதவி கேட்டு 465 பேர் கடிதம் எழுதினார்கள்.

சரி, மருந்து என்ன செய்யும்? ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் சில மாதங்களில் தோல் மென்மையாகும், மார்பு வளரத் தொடங்கும், இடுப்பில் கொழுப்பு சேரும். உடைந்த குரல் மாறாது, தாடியும் முழுதாகப் போகாது. டெஸ்டோஸ்டிரோனில் மாதவிலக்கு நிற்கும், மீசை அரும்பும், குரல் உடையும். மருந்தை விட்டாலும் பழைய குரல் திரும்பாது. பரு வரும், சிலருக்கு வழுக்கை விழும், சிவப்பணுக்கள் கூடி ரத்தம் தடிக்கலாம். இரண்டிலுமே குழந்தை பெறும் திறன் குறையலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமில் 1972 முதல் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை ஒழுங்காக வைத்திருந்தார்கள். 1989-ல் ஆஸ்கெமன், கூரன் ஆகிய மருத்துவர்கள் குழுவாக அதைக் கூட்டிப் பார்த்தார்கள். திருநங்கைகள் 303 பேர், திருநம்பிகள் 122 பேர். திருநங்கைகளுக்குக் கொடுத்தது தினம் 100 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையால், கூடவே ஆண் ஹார்மோனை அடக்கும் சைப்ரோடெரோன். அவர்களிடம் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைவது வழக்கத்தைவிட 45 மடங்கு! அந்தக் கட்டி நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம்.

சிகிச்சையை மூடிவிடவில்லை. 40 வயது தாண்டியவர்களுக்கு ஈஸ்ட்ராடையாலைத் தோல் வழியாகக் கொடுத்தார்கள். 1997-ல் மறுபடி கணக்கெடுத்தபோது ரத்தக் கட்டிகள் குறைந்திருந்தன. 2003-ல் ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டது: உறையும் தன்மையை அதிகம் கெடுத்தது எத்தினைல் மாத்திரைதான். ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வேறு சரக்குகளை எழுதினால் நஷ்டம் எதில் என்று தெரியாது, இல்லையா? அதேதான்.

2011-ல் வந்த நீண்டகால ஆய்வில் திருநங்கைகளின் மரண விகிதம் பொது மக்களைவிட 51 சதவீதம் அதிகம். தற்கொலை, எய்ட்ஸ், போதைப்பொருள், இதய நோய் ஆகியவை முக்கியக் காரணங்கள். எல்லாவற்றையும் மருந்தின் பற்றில் எழுத முடியாது. ஆனால் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் மரண ஆபத்து மூன்று மடங்கு. 2017-ல் வந்த அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் வழிகாட்டியும் அதைத் தவிர்க்கச் சொன்னது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? மருத்துவரிடம் போகக் கூச்சம், காசும் இல்லை என்று மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்கும் திருநங்கைகள் நம் ஊரில் உண்டு. மாலா-டி ஒரு மாத்திரையில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையால். சீக்கிரம் மாற வேண்டும் என்று தினம் மூன்று போட்டால் 90. ஆம்ஸ்டர்டாம் கைவிட்ட 100-க்குப் பக்கத்தில் வந்தாயிற்று. புகைப் பழக்கமும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஈஸ்ட்ராடையாலும் முழுக்க ஆபத்தில்லாதது கிடையாது. அளவும் ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. "ஹார்மோனே வேண்டாம்" என்று யாருக்கும் உபதேசம் செய்யாதீர்கள். அந்த மாத்திரையை விழுங்கும் தோழி யாராவது உங்களுக்கு இருந்தால், இந்த 90-100 கணக்கை மட்டும் சொல்லி, மருத்துவரிடம் துணைக்குப் போங்கள்.