மொட்டை வண்டிக்குக் கூண்டு, பிக்கப்புக்கு வீடு

இலத்தூரில் எங்கள் தாத்தா வீட்டுத் தொழுவத்தில், மாடுகளுக்கு மேலே உத்தரத்தில் ஒரு கூண்டு தொங்கும். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிப் பாய் வேய்ந்த வண்டிக் கூண்டு. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அதற்கு அங்கேதான் வாசம். வண்டி மொட்டையாகவே குப்பையடிக்கும், நெல் மூட்டை சுமக்கும், வைக்கோல் பாரம் ஏற்றிவரும். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று சேதி வந்தாலோ, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் புறப்பட வேண்டுமென்றாலோ, இரண்டு பேர் சேர்ந்து கூண்டை இறக்குவார்கள். அரை மணி நேரத்தில் மொட்டை வண்டி கூண்டு வண்டியாகிவிடும்.

இதே ஏற்பாட்டை இரும்பிலும் அலுமினியத்திலும் செய்து, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப் வண்டிகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்லைடு-இன் கேம்பர் என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிப்பறையும் உள்ள ஒரு சிறு வீடு அது. நான்கு மூலையிலும் கால்கள் உண்டு. கால்களை நீட்டினால் வீடு தானே நிற்கும். பிக்கப்பைப் பின்னோக்கி அதன் அடியில் செலுத்தி, கால்களைச் சுருக்கி, நான்கு இடத்தில் இழுத்துப் பூட்டிவிட்டால் பயணம் புறப்படலாம். நம்மூரில் பொலேரோ கேம்பர் என்று ஓடுவது ஐந்து பேர் உட்காரும் பிக்கப். நான் சொல்வது வேறு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் இன்று மொட்டை வண்டியின் இடத்தில் இருப்பவை பிக்கப்பும் குட்டியானை என்கிற டாடா ஏஸும்தான். புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் காய்கறியும் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போவது இவற்றில்தான். வண்டி இருக்கிறது, போக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. கூண்டு மட்டும் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் கேம்பர் பொருந்துமா?

இரண்டுக்கும் உள்ள முதல் ஒற்றுமை சொத்து பற்றியது. கேரவன் என்று தனி வண்டி வாங்கினால், ஓடாத நாளெல்லாம் இன்ஜினும் டயரும் இன்சூரன்சும் சும்மா நின்று பணம் தின்னும். கூண்டும் கேம்பரும் அப்படியல்ல. சம்பாதிக்கிற வண்டி சம்பாதித்துக்கொண்டே இருக்கும். வீடு ஓரமாகக் காத்திருக்கும். வண்டி பழசாகி விற்றாலும் வீட்டை அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். தாத்தா வீட்டில் ஒரே கூண்டு இரண்டு வண்டிகளைப் பார்த்தது.

இரண்டாவது ஒற்றுமையைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையில் வியப்பு. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர் முதலில் பார்ப்பது முன்பாரமா பின்பாரமா என்பதை. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் மிகுந்தால் நுகம் அழுத்திக் கழுத்துப் புண்ணாகும். கொஞ்சம் முன்பாரமாக, நுகம் கழுத்தில் மெல்ல உட்காரும்படி ஏற்ற வேண்டும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும் என்பதால் வண்டிக்காரர் முன்னே நகர்ந்து மூக்கணைக்கு வந்துவிடுவார். கேம்பருக்கும் விதி இதுவே. வீட்டின் எடைமையம் பிக்கப்பின் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும், வளைவில் வண்டி சொன்னபடி திரும்பாது. இதற்காகவே எடைமையம் எங்கே என்று கேம்பரின் பக்கவாட்டில் குறி வைத்துத் தருகிறார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிய வீட்டில் தொட்டியை நிரப்பியதும் கணக்கே மாறிவிடும். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிக்காரர் எவருக்கும் இதை விளக்க வேண்டியிராது.

ஒற்றுமை அதோடு முடிகிறது. எடையில் இரண்டும் வெகுதூரம் விலகிவிடுகின்றன. கூண்டை இரண்டு பேர் தூக்கலாம். கேம்பரில் இலேசான வகையே ஏறக்குறைய 450 கிலோ. குளியலறையோடு கூடிய பெரியவை 1,000 கிலோவைத் தாண்டி 2,000 வரை போகும். அதுவும் காலி எடை. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ. பேட்டரி இன்னொரு 30. பாத்திரம், அரிசி பருப்பு, படுக்கை என்று 100 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். இலேசான வீடே 690 கிலோவில் வந்து நிற்கிறது.

2005-இல் வந்து நம் தெருக்களையே மாற்றிய குட்டியானை ஏறக்குறைய 750 கிலோ தாங்கும். மீதம் 60 கிலோ. தாங்குவதுபோலத் தோன்றும். ஆனால் அதன் தட்டு நீளம் ஏழடி சொச்சம், அகலம் ஐந்தடிக்கும் குறைவு. அதன்மேல் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் வீடு வைத்தால் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டு காற்றை வாங்கும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு இந்த வட்டாரத்துக் காற்றாலைகளே சாட்சி. சாரலும் அருவியும் அந்தக் காற்றோடுதான் வருகின்றன. போகிற காலமும் காற்றுக் காலமும் ஒன்றாக இருக்கும்போது குட்டியானை மேல் வீடு வேண்டாம். ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும் தாங்குகிற, எட்டு ஒன்பது அடித் தட்டுள்ள பொலேரோ பிக்கப் போன்றவற்றுக்குத்தான் இது ஆகும். விளம்பரங்களில் மலையேறும் இரட்டைக் கேபின் பிக்கப்புகள் பார்க்க முரட்டு உருவமாக இருந்தாலும், ஆட்களுக்கு இடம் கொடுத்ததால் அவற்றின் பாரத் திறன் குறைவு. வாங்குகிறவர்கள் தோற்றத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

படத்தைக் காட்டி இலத்தூர் விலக்கில் ஒரு பிக்கப்காரரிடம் கேட்டேன். வீட்டை அவர் பார்க்கவே இல்லை, கால்களைத்தான் பார்த்தார்.

“எறக்க எவ்வளவு நேரமாகும்னு சொல்லுதாவ அண்ணாச்சி? காலையில பாவூர்சத்திரம் லோடு இருக்கும்லா.”

பழகினவர்களுக்கு அரை மணி நேரம் என்றேன். “அப்பம் சரி” என்றார். எடையை அடுத்துத்தான் கேட்டார். சொத்தைப் பற்றி நான் நான்கு வரியில் சொன்னதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

தங்குகிற இடத்தில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் நேர் எதிர். மாட்டுவண்டியை அவிழ்த்துவிட்டால் மாடு மேயப் போகும், வண்டி அங்கேயே வீடாக நிற்கும். கேம்பரில் வீட்டை இறக்கி நிறுத்திவிட்டு வண்டியே மேயப் போகலாம், கடைக்கோ மருத்துவமனைக்கோ. ஆனால் சாரலில் ஊறிய மண்ணில் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்காது. காலுக்கடியில் கெட்டிப் பலகை வைக்காமல் இறக்கினால் வீடு சாயும்.

இன்னொரு வேறுபாடு வாழ்கிற முறையில் இருக்கிறது. எழுத்தாளர் ஜான் ஸ்டெயின்பெக் 1960-இல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் மேல் இத்தகைய வீட்டை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார். வண்டிக்கு டான் குயிக்சாட்டின் குதிரையின் பெயரை வைத்தார், ரோசினான்டே. 1962-இல் அந்தப் பயணம் நூலாக வந்தது. அந்த வண்டி இன்றும் கலிஃபோர்னியாவின் சலினாசில் காட்சிக்கு நிற்கிறது. ஒரு மனிதர், ஒரு நாய். கேம்பர் அந்த அளவுக்கு நினைத்துக் கட்டப்பட்டது. உள்ளே சமைத்து, உள்ளே உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உறங்க வேண்டும்.

கூண்டு வண்டியில் எங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் எட்டுப் பேருக்குக் குறையாது. கூண்டுக்குள் பாட்டியும் பிள்ளைகளும் சாமான்களும். மற்றவர்கள் இரவு முழுக்க நடையும் ஏற்றமுமாக, கடையம், ஆழ்வார்குறிச்சி வழியே பாபநாசம் போய்ச் சேர இரண்டு இரவாகும். போய்ச் சேர்ந்தால் கல்லைக் கூட்டி அடுப்பு, மரத்தடியில் ஜமக்காளம். வீடு என்பது வண்டியைச் சுற்றி வெளியே விரிந்துவிடும். குற்றாலம் போகிற வேன்களும் இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர்களுக்குச் சாலையோரத்தில் சோறு வெந்துகொண்டிருக்கும். அமெரிக்க வீட்டை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் நம் குடும்பத்தில் பாதிப்பேர் வெளியே நிற்க வேண்டியதுதான். சமையல் பலகை வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மூன்று பக்கமும் தார்ப்பாய் விரிய வேண்டும், உள்ளே முக்கியமாகப் படுக்கையும் சாமானும் இருந்தால் போதும். உள்ளே சமைக்காவிட்டால் கேஸ் கசிவு பயமும் இல்லை, சாரல் நாளில் சுவரில் நீர் கோக்கிற தொல்லையும் குறையும். பாய்க் கூண்டுக்குள் காற்று தானாகப் புகுந்து வெளியேறியது. அடைத்த பெட்டிக்கு அந்த வழியை நாம்தான் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் கேம்பர் பழைய கூண்டைக் கேள்வியே இல்லாமல் வெல்கிறது. அது கழிப்பறை. அய்யனார் கோயிலுக்கும் குற்றாலத்துக்கும் போன பெண்கள் இருட்டுக்காகக் காத்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பாட்டி புறப்படுகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். கழிவைத் தன் தொட்டியிலேயே சுமந்து வந்து, உரிய இடத்தில் கொட்டுகிற சிறு கழிப்பறை ஒன்று அந்த வேதனையைத் தீர்க்கும். சிற்றாற்றுக் கரையையும் தாமிரபரணிக் கரையையும் கூடக் காக்கும். மற்ற வசதி எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பேன்.

சட்டத்துக்கு வருவோம். கூண்டு மாட்டுவண்டிக்கு யாரும் அனுமதி கேட்டதில்லை. பிக்கப்புக்கு அப்படியல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்றே உறுதி செய்தது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தர விதி உண்டு. அது வண்டியோடு ஒன்றாகக் கட்டிய வீட்டை நினைத்து எழுதப்பட்டது. ஏற்றி இறக்குகிற வீடு, வண்டியின் பாகமா, வண்டியில் ஏற்றிய சரக்கா? அமெரிக்காவில்கூட ஓடும்போது உள்ளே ஆள் இருக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நம் நாட்டில் சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது குற்றம். ஆகவே ஓடும்போது வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது, குழந்தையும்கூட. கேபினில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர், மற்றவர்கள் பேருந்தில். காரையாற்றுக்கு ஆடி அமாவாசையன்று இப்போது எப்படியும் அரசுப் பேருந்துதான். புலிகள் காப்பகம் என்பதால் தனியார் வண்டிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள், அது நியாயமும்கூட. கேம்பர் அங்கே போக முடியாது, போகவும் வேண்டாம்.

மலைக்கு அந்தப்புறம் கேரள அரசு 2021-இலேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து, வண்டிகள் தங்குமிடங்களுக்கும் வழி வகுத்தது. அதுவும் முழுக் கேரவனை வைத்தே எழுதப்பட்டது, பிக்கப்காரரை அல்ல. தமிழ்நாடு போக்குவரத்துத் துறை இதில் ஒரு படி முந்தலாம். ஆள் இல்லாமல், எடை வரம்புக்குள், வண்டியின் அகலத்தை மீறாமல் கட்டி ஏற்றிய கழற்றக்கூடிய அறையைச் சரக்காகவே கருதலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். தென்காசி மாவட்ட நிர்வாகம் சீசன் மாதங்களில் குற்றாலத்துக்கு வெளியே, கழிவுத் தொட்டி காலிசெய்யும் வசதியோடு ஒரு நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 500 கிலோவுக்குள், தட்டின் அகலத்துக்குள், தலை தட்டாத அளவுக்கு மட்டும் உயரமாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேட்டு வாங்குங்கள். ஏற்றியதும் எடை மேடையில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். பின்பாரமாக இருந்தால் புறப்படாதீர்கள்.