தூரிகையும் செங்கோலும் – 9: மார்ஸைத் தள்ளும் கை

சென்ற வாரம் ரூபன்ஸை லண்டனில் இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தோம். 1629 ஜூன் மாதம். பேருக்கு ஓவியர்; வந்த வேலையோ ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காகச் சமாதானத் தூது. வந்த இடத்தில் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னருக்கு ஒரு படமும் எழுதிக் கொடுத்தார். சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம்.

நடுவில் அமைதித் தேவி பாக்ஸ். அவள் மார்பிலிருந்து பீறிடும் பால் குழந்தையின் வாயில் விழுகிறது. குழந்தை யார்? புளூட்டஸ், செல்வத்தின் தெய்வம். போரை நிறுத்தினால் காசு சேரும் என்பதை, பணமுடையில் தவித்த ராஜாவுக்கு இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. கீழே ஒரு சிறுத்தை மல்லாந்து கிடந்து, பூனைக்குட்டி மாதிரி திராட்சைக் கொடியோடு விளையாடுகிறது. வலப்பக்கம் நிற்கும் பிள்ளைகள் மட்டும் புராணத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. லண்டனில் ரூபன்ஸ் தங்கியிருந்த, ஓவியரும் தூதருமான கெர்பியரின் வீட்டுப் பிள்ளைகள். அதில் சின்னப்பெண் நேராக நம்மையே பார்க்கிறாள்.

பின்னால், தலைக்கவசம் அணிந்த அறிவுத் தெய்வம் மினர்வா, போர்த் தெய்வம் மார்ஸையும் ஆவேசப் பேய் அலெக்டோவையும் அப்பால் தள்ளுகிறாள். கவனியுங்கள், கொல்லவில்லை, தள்ளத்தான் செய்கிறாள். தூதராக அலைந்தவருக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும்.

1630 நவம்பரில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் இடையே மாட்ரிட் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. படம் பார்த்து மனம் மாறினார்கள் என்றெல்லாம் நான் நம்பவில்லை. கஜானா காலி, அவ்வளவுதான்.

1638இல் பிளாரன்ஸுக்காக அதே தெய்வங்களை மறுபடி அழைத்தார் ரூபன்ஸ். இம்முறை மினர்வா இல்லை. காதல் தெய்வம் வீனஸ் வெறுங்கையோடு மார்ஸைப் பிடித்து இழுக்கிறாள், அவன் நிற்கவில்லை. அலெக்டோ அவனை முன்னே இழுத்துப் போகிறாள். பண்டைய ரோமில் அமைதிக் காலத்தில் அடைத்திருந்த ஜேனஸ் கோயில் கதவு திறந்து கிடக்கிறது. புத்தகம் அவன் காலில் மிதிபடுகிறது, பக்கத்தில் உடைந்த வீணை. கறுப்பு உடையில், நகையெல்லாம் பறிகொடுத்து, கைதூக்கி அலறுபவள் ஐரோப்பா. இது என் ஊகமில்லை. சக ஓவியர் சுஸ்டர்மான்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ரூபன்ஸே ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறார்.

ஐரோப்பாவை அப்படி அலறவைத்த முப்பதாண்டுப் போர் 1648இல் ஓய்ந்தபோது ரூபன்ஸ் இறந்து எட்டு ஆண்டுகள். மறு ஆண்டே சார்லஸின் தலை போனது. அவர் ஆசையாகச் சேர்த்த படங்கள் ஏலத்துக்கு வந்தன. மினர்வாவும் கடல் தாண்டி ஜெனோவாவுக்குப் போனாள். அந்த விற்பனைக் கூத்து அடுத்த வாரம்.

(தொடரும்)