போர்முனையில் இறுகிய துவக்கு

1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு வடகிழக்கே பதுங்குகுழிகளில் நின்ற கனேடியப் படையினரை நோக்கிக் குளோரின் நச்சுப்புகை உருண்டு வந்தது. அதன் பின்னே ஜேர்மன் காலாட்படை வந்தது. நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு கனேடியர் சுட்டனர். ஆனால், அடுத்தடுத்துச் சுட்டதும் பலரது துவக்குகளின் தாழ்கள் இறுகிக்கொண்டன. கையால் இழுத்துத் திறக்க முடியாதவர்கள், துவக்கின் அடிக்கட்டையை நிலத்தில் ஊன்றித் தாழின் கைப்பிடியைச் சப்பாத்துக் காலால் உதைத்தனர். சிலர் மண்வெட்டிப் பிடியால் அடித்தனர். எதிரி முன்னேறிவரும் வேளையில் வீரன் தன் ஆயுதத்தோடே மல்லுக்கட்ட நேர்ந்தது.

அத்துவக்கின் பெயர் றொஸ். அதனை ஆக்கியவர் ஸ்கொத்லாந்துப் பிரபுவான சேர் சாள்ஸ் றொஸ். தென்னாபிரிக்கப் போர்க் காலத்தில் கனடா கேட்ட லீ என்பீல்ட் துவக்குகளைப் பிரித்தானியாவால் கொடுக்க இயலவில்லை. பிறர் கையை எதிர்பாராது தன் நாட்டிலேயே துவக்குச் செய்ய வேண்டுமெனக் கனடா கருதியது நியாயமே. 1902இல் றொஸ்ஸுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது; கியூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. முதலிற் பெற்ற துவக்குகளிற் பல குறைகளைக் கண்ட குதிரைப் பொலிஸ் படை, அவற்றை விரைவிலேயே கைவிட்டது. எனினும், திருத்தியமைக்கப்பட்ட பிற்கால வகை இங்கிலாந்தின் பிஸ்லிப் போட்டிகளிற் பரிசுகளை வென்றது. அது குறிதவறாத துவக்கு என்பதை அதன் பகைவரும் மறுத்ததில்லை.

பின் ஏன் அது போர்முனையில் இறுகியது? தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சிறிது சுருங்கினும், பிடிப்பு முற்றும் நீங்குவதில்லை. லீ என்பீல்டிலே கைப்பிடியை மேலே தூக்கித் திருப்பும்போது, சரிவான ஒரு விளிம்பு நெம்புகோல் போல் இயங்கிக் கூட்டை முதலில் அசைத்துத் தளர்த்திவிடும். அதன் பின்னரே வீரன் தாழைப் பின்னுக்கு இழுப்பான். றொஸ்ஸிலோ தூக்கித் திருப்பும் வேலையே இல்லை. நேரே இழுத்தால் உள்ளிருக்கும் திருகு வரிகள் தாழின் தலையைத் தாமே சுழற்றித் திறக்கும். இது விரைவானது. ஆயினும், ஒட்டிய கூட்டைத் தளர்த்தும் நெம்புவலு இதில் குறைவு. அந்த வேலை வீரனின் தோளுக்கே விடப்பட்டது.

இதனோடு வேறு குறைகளும் சேர்ந்தன. றொஸ்ஸின் தோட்டா அறை நெருக்கமானது. அளவு பிசகாத கனேடியத் தோட்டாக்கள் அதிற் பொருந்தின. போர் அவசரத்தில் செய்யப்பட்ட பிரித்தானியத் தோட்டாக்கள் அளவிற் சற்றுக் கூடியும் குறைந்துமிருந்தன. லீ என்பீல்டின் அகன்ற அறைக்கு அவை தடையாகவில்லை, றொஸ்ஸிலே சிக்கிக்கொண்டன. சேறு படிந்ததும் துன்பம் மேலும் பெருகியது. தாழைப் பின்னே தடுத்து நிறுத்தும் சிறு துண்டு, இழுக்குந்தோறும் தாழின் பூட்டுவரியில் இடித்தது. இடிபட்ட உருக்கு நசுங்கிப் பிசிர் எழும்ப, தாழ் மேலும் இறுகியது. காலால் உதைத்துத் திறந்தவன் தன்னை அறியாமலே அடுத்த முறை இன்னும் கடுமையாய் இறுகுவதற்கு வழிசெய்தான்.

ஈப்பர்ச் சமரிற் பிழைத்த 5,000 காலாட்படையினருள் 1,452 பேர் றொஸ்ஸை எறிந்துவிட்டு, மாண்ட பிரித்தானிய வீரரின் லீ என்பீல்டுகளை எடுத்திருந்தனர். இதைவிடத் தெளிவான அறிக்கையை எந்த நிபுணர் குழு எழுதியிருக்க முடியும்?

ஆனால் ஒட்டாவாவில் அவ்வறிக்கையைப் படிக்க விரும்பாத ஒருவர் இருந்தார். படைத்துறை அமைச்சர் சேர் சாம் ஹியூஸ், றொஸ்ஸைக் கனடாவின் மானமாகவே கொண்டவர். குற்றமெல்லாம் பிரித்தானியத் தோட்டாவின்மேல் என்றார். அது முழுப்பொய்யன்று; அரை உண்மை. அதனாலேயே அது நீண்டகாலம் நின்று பிடித்தது. படைத்தலைவர் அல்டர்சன் துவக்கின் குறைகளை எழுதியனுப்பியபோது, ஹியூஸ் அவரைக் கடிந்து எழுதிய மடலின் பிரதிகள் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் அனுப்பப்பட்டன. 1916இல் அல்டர்சன் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

இதற்கிடையில் அறைகள் அகலமாக்கப்பட்டன. தடுப்புத் துண்டு பெரிதாக்கப்பட்டது. நோயின் வேரைக் கண்டு செய்த மருந்துகளே அவை. ஆயினும், கையிலுள்ள ஆயுதத்தின்மேல் வீரனுக்கு ஒருமுறை போன நம்பிக்கையை அரத்தால் அராவி மீட்க இயலவில்லை. முதலாம் டிவிசன் 1915 யூனிலேயே லீ என்பீல்டுக்கு மாறியது. 1916இல் ஏனைய டிவிசன்களும் மாறின. அவ்வாண்டு நவம்பரில் பிரதமர் போடன் ஹியூஸைப் பதவி விலகச் செய்தார்.

காலாட்படை கைவிட்ட றொஸ்ஸை ஒரு சாரார் மட்டும் விடவில்லை. மறைந்திருந்து தொலைவிலுள்ள இலக்கை ஒற்றைக் குண்டால் வீழ்த்தும் குறிகாரர்கள் அவர்கள். தாழைத் துடைத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியெடுத்து, ஆறுதலாகச் சுடுபவருக்கு அது போர் முடியும்வரை உற்ற துணையாய் இருந்தது.