2184 முதல் 2200 வரை: எல்லைக்கோட்டில் நழுவிய ஒரு கணித வரலாறு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலை பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே போகிறது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பெருங்கடவிளையைப் போல ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றைய மாநில எல்லையின் இருபுறமும் காணப்படுகின்றன. ஒரே திருவிதாங்கூராக இருந்த இந்நிலம் தமிழுலகுக்கு அளித்த எண்கோட்பாட்டு அறிஞர் சு. சி. பிள்ளை எனும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

அவர் 1901 ஏப்ரல் 5 அன்று செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் பிறந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இளங்கலையும் பயின்றார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். வாரிங் சிக்கலில் அவர் 1940இல் நிறுவிய முடிவு புகழ்பெற்றது: எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம். 703 என்ற எண்ணுக்கு அந்த 73உம் தேவைப்படுகின்றன.

அவருடைய மற்றொரு முடிவு அதனினும் எளிமையானது. அடுத்தடுத்து வரும் 16 எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற அனைத்துடனும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் அவற்றில் இருக்கும். 17 எண்களை எடுத்தால் இந்த உறுதி குலைந்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரையுள்ள 17 எண்களே சான்று. 2189உம் 2200உம் 11ஐப் பகிர்கின்றன. 2184உம் 2197உம் 13ஐப் பகிர்கின்றன. 2191க்கும் 2184க்கும் 7 பொது. எஞ்சியவற்றை 2, 3, 5 ஆகியன பிணைக்கின்றன. தனித்து நிற்கும் எண் ஒன்றுமில்லை.

17 தொடர் எண்களுள் எந்த இரண்டின் வேறுபாடும் 16ஐ மிஞ்சாது. எனவே அவை பகிரும் பகா எண் 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றுள் ஒன்றாகவே இருக்கும். இவ்வாறின் பெருக்கற்பலன் 30030. அதன் எந்த மடங்கை 2184உடன் கூட்டினாலும் பண்பு மாறாது. ஆகவே 30030002184 என்னும் பேரெண்ணில் தொடங்கும் 17 எண்களும் அதே வகையில் பிணைந்துள்ளன. இத்தகைய தொடர்கள் முடிவிலி. 17 முதல் 430 வரையிலான எல்லா நீளங்களுக்கும் பிள்ளை இதை நிறுவினார். 17க்கு மேற்பட்ட எல்லா நீளங்களுக்கும் இது பொருந்தும் என்பதை 1941இல் ஆல்ஃபிரட் பிரௌவர் நிறுவினார்.

பிள்ளை 1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டு கல்கத்தாவிலும் பணியேற்றார். அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்டு 31 அன்று, கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும் பட்டம் பெற்ற நகரம் மற்றொன்றிலும் அமைந்த அறிஞரை இரு மாநிலங்களும் தமக்குரியவராகக் கொண்டாடியிருக்கலாம். ஆனால் இராமானுசனை அறிந்த மாணவர் பலருக்கு இப்பெயர் இன்றும் புதிது. வட்டார வரலாறு அரசர்களோடும் எல்லைப் போராட்டங்களோடும் முடிந்துவிடுவதில்லை. 2184உம் அதன் ஒரு பக்கமே.