போர்க்கும் மெக்கன்ரோவும்: ஆளுக்கு ஏழு

விம்பிள்டனில் எத்தனையோ சாம்பியன்கள் வந்து போய்விட்டார்கள். இருந்தாலும் நம் வயதுக்காரர்களிடம் மறக்க முடியாத ஃபைனல் எது என்று கேட்டால், பலரும் 1980 என்றுதான் சொல்வார்கள். அன்று நமக்கெல்லாம் ரேடியோவும் மறுநாள் பேப்பரும்தான். ஆனாலும் அந்த ஸ்கோர் பலருக்கு மனப்பாடம்.

ஸ்வீடன்காரரான பியோன் போர்க் 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை அங்கே ஜெயித்தவர். முகத்தைப் பார்த்தால் ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்றே தெரியாது. 1979-இல் இரண்டாவது சுற்றில் நம் விஜய் அமிர்தராஜ் இவரை 2-1 என்ற செட் கணக்கில் முந்தியிருந்தார். நான்காவது செட் டை-பிரேக்கில் கைநழுவியது; ஐந்தாவது சுலபமாகப் போர்க்குக்குப் போய்விட்டது.

நியூயார்க்கில் வளர்ந்த ஜான் மெக்கன்ரோ நேர் எதிர். இடக்கை ஆட்டக்காரர். சர்வ் போட்ட கையோடு நெட்டுக்கு ஓடிவருவார். கோபம் வந்தால் நடுவர், லைன்ஸ்மேன் யாரையும் விடமாட்டார். 1980 அரையிறுதியில் கானர்ஸோடு ஆடியபோது செய்த ரகளையால், ஃபைனலுக்கு வந்தவரைக் கூட்டம் கேலிக் கூச்சல் போட்டுத்தான் வரவேற்றது.

ஜூலை 5. முதல் செட் 6-1 என்று மெக்கன்ரோவுக்கு. அடுத்த இரண்டும் போர்க்குக்கு. நான்காவது செட்டில் போர்க் 5-4 என்று முன்னிலை பெற்று, இரண்டு மேட்ச் பாயின்டும் கையில் வைத்திருந்தார். இரண்டையும் மெக்கன்ரோ காப்பாற்றினார். பிறகு வந்ததுதான் அந்த டை-பிரேக். ஏழு பாயின்டில் முடிய வேண்டியது, முப்பத்துநான்கு பாயின்ட் நீண்டது. அதில் போர்க்குக்கு மேலும் ஐந்து மேட்ச் பாயின்ட். மெக்கன்ரோவுக்கு ஏழு செட் பாயின்ட். கடைசியில் 18-16 என்று மெக்கன்ரோ வென்றார்.

ஏழு முறை கோப்பையைத் தொட்டும் தொடாமலும் விட்டவர் மனம் உடைந்திருக்க வேண்டாமா? ஐந்தாவது செட்டை 0-30 என்று தொடங்கிய போர்க், அதன்பிறகு தன் சர்வீஸை அசைக்க விடவில்லை. 8-6. மூன்று மணி 53 நிமிடம். ஐந்தாவது பட்டம்.

அடுத்த ஆண்டு அதே சென்டர் கோர்ட்டில் மெக்கன்ரோ நான்கு செட்டில் ஜெயித்து, விம்பிள்டனில் 41 ஆட்டங்களாகத் தோற்காதிருந்த போர்க்கை நிறுத்தினார். செப்டம்பரில் யு.எஸ். ஓப்பன் ஃபைனலிலும் அதே முடிவு. பரிசளிப்புக்குக் கூட நிற்காமல் போர்க் கிளம்பிவிட்டார். 1983-இல் ஓய்வை அறிவித்தபோது வயது 26.

இருவரும் மோதியது 14 ஆட்டங்கள். ஆளுக்கு ஏழு வெற்றி.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? யாரிடமும் அடங்காத மெக்கன்ரோ, போர்க்கிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஆடுவார். 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் அவர் கத்திக்கொண்டிருந்தபோது, போர்க் அவரை நெட்டருகே கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, அமைதியாக ஆடும்படி சொன்னாராம். மெக்கன்ரோவே பலமுறை சொன்னது இது.

ஓய்வு பெற்ற போர்க்கைத் திரும்பி வரும்படி வற்புறுத்தியவர்களில் மெக்கன்ரோவும் ஒருவர். 1983-இலும் 1984-இலும் அவர் மறுபடி விம்பிள்டன் சாம்பியன் ஆனார். இரண்டுமே நேர் செட்டில். எதிரே போர்க் இல்லாத அந்த ஃபைனல்களின் ஸ்கோர் நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?