ஊரைக் காத்த அறிவியலும் மலையில் நடப்பவரும்: ஆல்ப்ஸ் பனிச்சரிவு ஆய்வின் வரலாறு

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சரிவு ஆய்வு ஊர்களைக் காப்பதற்காகத் தொடங்கியது, மலையேறிகளுக்காக அல்ல. பாதையற்ற பனிமலைகளில் பயணம் செய்வோரின் ஆபத்து எத்தகையது என்று விளங்கிக்கொள்ள அந்த ஆய்வுக்கு நெடுங்காலம் பிடித்ததற்கு இத்தொடக்கமே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுவிட்சர்லாந்தின் தலைமை வன அலுவலராக இருந்த யோகான் கோவாட்ஸ், பனிச்சரிவு இறங்கும் தடங்களை வனத்துறையினரைக் கொண்டு திரட்டி 1881-இல் நூலாக வெளியிட்டார். மலைச்சரிவின் தலைப்பகுதியில் அடர்ந்த காடு நின்றால் பனி பிடிபட்டு நிற்கும். காட்டை வெட்டினால் கீழே உள்ள ஊருக்கு அழிவு. அவர் பதிவு செய்தவை பெரும்பாலும் தாமாக இறங்கிய பனிச்சரிவுகள். ஆகவே எங்கே இறங்கும், எவ்வளவு தூரம் ஓடும் என்பவையே அன்றைய கேள்விகள்.

1936-இல் டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் தொடங்கிய ஆய்வு, பனியைத் தோண்டி உள்ளே பார்த்தது. ஹென்றி பேடர், ராபர்ட் ஹேஃபெலி முதலியோர் 1939-இல் வெளியிட்ட நூல் பனியின் உருமாற்றத்தை விளக்கியது. தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்கு அருகிலேயே இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் இருக்கும். இந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலேறி, வழியிலேயே மீண்டும் உறைகிறது. மீட்டருக்குச் சுமார் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு நீடித்தால், பனிமணிகள் ஒன்றோடொன்று பிணையாமல் கோண முகங்கள் கொண்ட படிகங்களாக வளர்கின்றன. கையில் அள்ளினால் சீனி போல உதிரும். பனியின் ஆழம் குறையக் குறைய மீட்டருக்கான இந்த வேறுபாடு கூடுகிறது. பனி குறைந்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்ற பரவலான நம்பிக்கையை இந்த இயற்பியல் தகர்க்கிறது.

அந்த உதிரி அடுக்கின் மேல் காற்று இறுக்கமான பனிப்பாளத்தை அடுக்குகிறது. மலைச்சரிவு 30 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால், ஒரு மனிதரின் எடையே உதிரி அடுக்கை நொறுக்கப் போதும். விரிசல் நொடிகளில் பரவ, பாளம் முழுவதும் பெயர்கிறது. மலையில் பயணம் செய்வோரைக் கொல்லும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு, சிக்கியவரோ அவருடைய குழுவினரோ கிளப்பியவைதாம். கோவாட்ஸின் ஊர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது.

1945-இல் டாவோஸ் ஆய்வு நிலையம் பொதுமக்களுக்கான எச்சரிக்கை அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. ஆயினும் 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுகளில் 98 பேர் மாண்டதும், கவனம் மீண்டும் தடுப்புச் சுவர்களுக்கும் ஊர் வரைபடங்களுக்கும் திரும்பியது. அதில் தவறில்லை, அவை பல உயிர்களைக் காத்தன. ஆனால் பனிச்சறுக்குப் பயணம் பெருகியபோது, சாவு ஊரை விட்டு மலைச்சரிவுக்கு இடம்பெயர்ந்தது.

1993-இல் ஐரோப்பிய நாடுகள் பனிச்சரிவு ஆபத்துக்கு ஐந்து படிநிலை கொண்ட ஒரே அளவுகோலை ஏற்றன. உயிரிழப்பில் ஏறத்தாழ பாதி நிகழ்வது ஐந்தாம் நிலையில் அன்று, மூன்றாம் நிலையில். அந்நாள்களில் வானம் தெளிந்திருக்கலாம், மலை அழைக்கலாம். முடிவை மனிதரே எடுக்க வேண்டும். சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் இதையே 1990-களில் முறையாக்கினார். ஓரிடத்தில் தோண்டிய குழி சரிவு முழுவதற்கும் சான்றாகாது என்று வாதிட்ட அவர், பனி, நிலம், மனிதர் ஆகிய மூன்றையும் வீட்டிலும், மலையடியிலும், சரிவின் விளிம்பிலுமாக மூன்று முறை எடைபோடச் சொன்னார். இவ்வரலாற்றின் உண்மையான திருப்பமாக நான் கருதுவது இதைத்தான். பின்னர் அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கேமன் 715 விபத்துகளை ஆராய்ந்து, பழகிய இடம் என்ற துணிவும் உடன் வருபவர் மீதான நம்பிக்கையும் பயிற்சி பெற்றவர்களையும் ஏமாற்றுவதைக் காட்டினார்.

இந்தியாவிலும் இந்த ஆய்வு மலையில் நடப்பவருக்காகத் தொடங்கவில்லை: பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1969-இல் மணாலியில் ராணுவத் தேவைக்காக அமைக்கப்பட்டது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா மலையில் பயிற்சிக் குழுவினர் 25-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் மாண்டனர். பனிக்காலத்தில் இமயம் செல்லும் நம்மவர்கள், அழைத்துச் செல்பவரிடம் அன்றைய எச்சரிக்கை நிலையையும் கடக்கப்போகும் சரிவின் சாய்வையும் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் ஏறாதீர்கள்.